எங்க எம்.எல்.ஏ. சாருக்கு, பஸ் ஸ்டாண்ட் எதிர் ஜெராக்ஸ் கடையில இருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம் சார்.

போன வாரம் காலேஜ் ஆண்டு விழாவுல நீங்க பேசினத முழுசா கேட்டேன். நேர்ல வரல. காலேஜ் பசங்க வீடியோவ கொண்டாந்து பென் டிரைவ்ல ஏத்திக் குடுங்கண்ணான்னு கடைக்கு வந்தாங்க, காபி ஆகுற நேரத்துல ஓட விட்டுப் பாத்தேன், அவங்க போனப்புறம் இன்னொரு வாட்டி பாத்தேன். நல்லா பேசறீங்க சார், அதுல குறையே இல்ல. கைதட்டலும் நல்லா விழுந்துது. எனக்கு தான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, அதான் இத எழுதறேன். கட்சிக்காரங்க யாரும் கோச்சுக்க வேணாம், உங்க பேரும் போடல தொகுதி பேரும் போடல, நம்ம திருவண்ணாமலை மாவட்டத்துல எட்டு தொகுதி இருக்கு, படிக்கிறவங்க அவங்கவங்க எம்.எல்.ஏ.வ நெனச்சுக்கட்டும்.

மொதல்ல, நம்ம படிப்பு வெறும் மனப்பாடம், கல்விய அடியோட மாத்தணும்னீங்க. அப்புறம், வேலை எக்கச்சக்கமா இருக்கு, தெறமையான ஆள் தான் கெடைக்கலன்னு கம்பெனிக்காரங்க உங்ககிட்ட வருத்தப்பட்டாங்கன்னீங்க. கடைசியில, வேலை தேடி அலையாதீங்கப்பா, நாலு பேருக்கு வேலை குடுக்கறவனா மாறுங்கன்னு முடிச்சீங்க. அந்த வரிக்கு தான் கை அதிகம்.

அந்த கடைசி வரியில இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா நான் ஏற்கனவே மாறிட்டேன் சார்.

பஸ் ஸ்டாண்ட் எதிர்ல கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன், எல்லா ஆன்லைன் அப்ளிகேஷனும், சாயந்திரம் மாடியில டியூஷன். நான் பி.எஸ்சி. பிசிக்ஸ், பி.எட். கடையில ஒரு பொண்ணு வேலை பாக்குது, எம்.காம். முடிச்ச பொண்ணு. அதுக்கு நான் குடுக்கற சம்பளம் மாசம் 7000. ஆக உங்க கணக்குப்படி நான் ஒரு தொழில்முனைவோர், ஒரு வேலைவாய்ப்ப உருவாக்கி வச்சிருக்கேன், மேடையில ஏத்தி பொன்னாடை போத்தலாம். ஆனா அந்தப் பொண்ணு ஒண்ணாம் தேதி சம்பளத்த எண்ணி வாங்கும்போது நான் அது மூஞ்சிய பாக்கறதில்ல. அதுக்கு மேல குடுக்க என்னால முடியல. வாடகை, கரண்டு, டோனர், பேப்பர் ரேட்டு எல்லாம் போக எனக்கே பதினஞ்சு தேறுனா அந்த மாசம் நல்ல மாசம். மே, ஜூன்ல அட்மிஷன் சீசன், அப்ப ஓடும். தீபாவளி முடிஞ்சா பொங்கல் வரைக்கும் ஈ ஓட்டணும்.

நான் விரும்பி முதலாளி ஆகல சார். 2013 ஆகஸ்ட்ல டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுதி பாஸ் பண்ணேன். அந்த சர்டிபிகேட்ட வாங்கிட்டு வந்த அன்னிக்கு எங்கம்மா தெருவுக்கே கேசரி குடுத்தாங்க. அப்புறம் வெயிட்டேஜ்னாங்க, பிளஸ் டூ மார்க்கு, டிகிரி மார்க்கு எல்லாத்தையும் போட்டு குழப்பி ஒரு கணக்கு சொன்னாங்க, அதுல நான் வெளிய. 2018-ல அரசாணை 149 போட்டு டெட் பாஸ் பண்ணா பத்தாது, இன்னொரு போட்டித் தேர்வு எழுதணும்னாங்க. சர்டிபிகேட் ஏழு வருஷம் தான் செல்லும்னு இருந்துது, 2021-ல அது ஆயுசுக்கும் செல்லும்னு மாத்தினாங்க. சர்டிபிகேட்டுக்கு ஆயுசு கெட்டி, எனக்கு தான் தலை நரைச்சுப் போச்சு. லேமினேஷன் போட்டு வச்சிருக்கேன், லேமினேஷன் மெஷின் தான் கையில இருக்கே.

இத புலம்பறதுக்காக சொல்லல. நீங்க மேடையில அந்தப் பசங்களப் பாத்து "கவர்மென்ட் வேலை, கவர்மென்ட் வேலைன்னு உக்காந்துகிட்டு இருக்காதீங்க"ன்னு சொல்லும்போது ஒரு சிரிப்பு சிரிச்சீங்க, அதுக்கு பதில் சொல்லத்தான். 2025 டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கு அறிவிப்பு வந்தப்ப இடம் 3935. விண்ணப்பம் போட்டவங்க 13 லட்சத்து 89 ஆயிரம் பேர். ஒரு இடத்துக்கு முன்னூத்தம்பது பேர் சொச்சம். அதுல நெறைய பேருக்கு அப்ளிகேஷன் போட்டது என்ன மாதிரி கடைக்காரங்க தான், எனக்கு அவங்க மூஞ்சி தெரியும். அந்த பரீட்சைக்கு பத்தாவது பாஸ் போதும் சார். என் கடையில வந்து போட்டவங்கள்ல பி.இ. இருந்தாங்க, எம்.எஸ்சி. இருந்தாங்க, எம்.ஃபில். முடிச்ச அக்கா ஒருத்தங்க ரெண்டு குழந்தைய கூட்டிட்டு வந்தாங்க, என் கடைப் பொண்ணே அன்னிக்கு வேலை நேரத்துலயே தனக்கும் ஒண்ணு போட்டுச்சு. இவங்க யாரும் சோம்பேறி இல்ல. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு படிக்கிறாங்க. வி.ஏ.ஓ., ஜூனியர் அசிஸ்டென்ட் வேலை மேல காதலும் கிடையாது. இந்த ஊர்ல, இந்த சுத்து வட்டாரத்துல, சம்பளம் இவ்ளோன்னு முன்கூட்டியே தெரியிற, யாரு காலையும் புடிக்காம பரீட்சை எழுதி போகக்கூடிய, அம்பது வயசுல போயிட்டு வாப்பான்னு சொல்லாத வேலை அது ஒண்ணு தான். வேற ஒண்ண காட்டுங்க, அதுக்கும் வரிசையில நிப்பாங்க.

அடுத்தது, வேலை இருக்கு ஆள் இல்லன்னு சொன்னது.

காலையில அஞ்சே காலுக்கு என் கடை வாசல்ல வந்து நில்லுங்க சார், ஒரு நாள். சிப்காட் தொழிற்பேட்டைக்கு போற கம்பெனி பஸ்ஸு வரிசையா வரும். செய்யாறு பக்கம் ஷூ கம்பெனிங்க வந்ததுக்கு அப்புறம் இந்த மாவட்டத்துல பொம்பளைங்க கையில சொந்தமா காசு பொழங்க ஆரம்பிச்சுது, அத யாரும் இல்லன்னு சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். பல வீட்ல மொத ஸ்கூட்டி, மொத ஃப்ரிட்ஜ், தங்கச்சி காலேஜ் ஃபீஸ் எல்லாம் அந்த பஸ்ஸுல போன பொண்ணுங்க சம்பாதிச்சது தான். ஆனா அந்த பஸ்ஸுல ஏர்ற பொண்ணுங்கள கவனிங்க. பத்தாவது ஃபெயிலும் ஏறுது, பி.எஸ்சி. மேத்ஸும் ஏறுது, ரெண்டும் ஒரே லைன்ல ஒரே வேலை, சம்பளத்துல பெரிய வித்தியாசம் கிடையாது. என்கிட்ட டியூஷன் படிச்ச பொண்ணு, பிசிக்ஸ்ல 100-க்கு 96 எடுத்தது, டிகிரியும் முடிச்சுட்டு இப்ப அந்த பஸ்ல போகுது. நான் எதிர்ல நின்னா வேற பக்கம் திரும்பிக்கும்.

இங்க இருக்கிற வேலைக்கு டிகிரியே தேவையில்ல சார், அப்புறம் டிகிரில தெறமை இல்லன்னு எப்படி குறை சொல்றது? கம்பெனிக்காரர் ஆள் கெடைக்கலன்னு சொல்றப்ப, எத்தனை ரூபா சம்பளத்துக்கு ஆள் கெடைக்கலன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? டிகிரி படிச்ச அப்ரண்டிஸுக்கு குறைஞ்சபட்ச உதவித்தொகை 9000-னு 2019-ல விதி போட்டாங்க. ஒரு எஞ்சினியர வருஷம் முழுக்க அந்த காசுக்கு வச்சு வேலை வாங்கலாம், முடிஞ்சதும் அனுப்பிட்டு அடுத்த பேட்ச எடுக்கலாம். என் தம்பி மெக்கானிக்கல் படிச்சவன், ஒரகடம் பக்கம் இப்படி மூணு கம்பெனி மாறிட்டான், கம்பெனி பேரெல்லாம் வேணாம். அவன் ரெஸ்யூம்ல எக்ஸ்பீரியன்ஸ் மட்டும் வளந்துகிட்டே போகுது, வேலை நிரந்தரம் ஆகல. எஜுகேஷன் லோன் மட்டும் நிரந்தரமா இருந்துது, அத எங்கப்பா மாட்ட வித்து தான் முடிச்சாரு.

2024 ஜனவரில சென்னையில நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்ட பத்தியும் சொன்னீங்க. 6 லட்சத்து 64 ஆயிரம் கோடி முதலீடு, நேரடியாவும் மறைமுகமாவும் சேத்து 26 லட்சத்து 90 ஆயிரம் வேலைன்னு அன்னிக்கு அறிவிச்சாங்க, பேப்பர்ல நானும் படிச்சேன். அது ஒப்பந்தம் சார், கையெழுத்து. கல்யாணத்துக்கு தாம்பூலம் மாத்தின மாதிரி. தாலி ஏறினது எத்தனைன்னு நம்ம மாவட்ட அளவுலயாவது ஒரு கணக்கு உண்டா? எத்தனை பேரு வேலைல சேந்தாங்க, அதுல உள்ளூர்க்காரங்க எத்தனை, காண்ட்ராக்ட் எத்தனை, பர்மனன்ட் எத்தனை, சம்பளம் எந்த ரேஞ்சு. முதலீட்டுத் தொகைய பெரிய பெரிய பேனர்ல போடறீங்க, இந்த அஞ்சு நம்பர ஒரு ஏ-ஃபோர் பேப்பர்ல போட்டா போதும். அதே மாதிரி செய்யாறு சிப்காட் மூணாவது அலகுக்கு மூவாயிரம் ஏக்கருக்கு மேல நெலம் எடுக்கப் போறாங்கன்னு மேல்மா பக்கம் ஜனங்க உக்காந்து போராடினாங்க, 2023 நவம்பர்ல ஏழு பேரு மேல குண்டர் சட்டமே போட்டாங்க, எதிர்ப்பு வந்தப்புறம் பின்வாங்கினாங்க. கம்பெனி வேணாம்னு யாரும் சொல்லல. முப்போகம் வெளையிற நெலத்த குடுத்துட்டு அந்த கம்பெனி கேட்ல செக்யூரிட்டி வேலை கேட்டு நிக்கணுமான்னு தான் கேக்குறாங்க. அதுக்கு பதில் உங்க பேச்சுல இல்ல.

இன்னொண்ணும் இல்ல. ஆரணி பட்டு நெசவ பத்தி ஒரு வார்த்தை வரல. வந்தவாசி கோரைப் பாய பத்தி வரல. வேலைவாய்ப்ப உருவாக்கணும்னு பேசறோமே, ஏற்கனவே இருந்த வேலை கண்ணு முன்னாடி போகுது, அத நிறுத்தறதும் உருவாக்கற மாதிரி தானே. எங்க அத்தை வீட்ல ரெண்டு தறி இருந்துது. புருஷன் நெய்ய, அத்தை பாவு போட, பசங்க தார் சுத்த, மொத்த குடும்பமும் அந்த தறிக் குழியச் சுத்தி தான். கூலிய ஏத்தறது லேசுல நடக்காது, பட்டு நூல் விலை மட்டும் ஏறிகிட்டே இருக்கும், டிசைன் மாத்தினா மாஸ்டர் வீவர் பழைய பாக்கிய பிடிச்சுக்குவாரு. இப்ப ஒரு தறி பரண் மேல பிரிச்சு கெடக்கு, பையன் அந்த அஞ்சே கால் பஸ்ல போறான். ஒரு சேலைய முழுசா நெய்யத் தெரிஞ்ச பையன் சார் அவன், அங்க போயி ஒரு நாள் பூரா ஒரே எடத்துல பசை தடவறான். ஸ்கில், ஸ்கில்னு அன்னிக்கு எத்தனை வாட்டி சொன்னீங்கன்னு நான் எண்ணல.

சரி, படிப்புக்கு வரேன். மனப்பாடம்னு சொன்னீங்களே, அது உண்மை தான், ஒத்துக்கறேன். டியூஷன்ல எனக்கு அது தெனமும் தலைவலி. நியூட்டன் விதிய ஒப்பிக்கிற பையன்கிட்ட பஸ் திடீர்னு பிரேக் அடிச்சா ஏன் முன்னாடி சாயறேன்னு கேட்டா டிரைவர் சரியில்லண்ணாங்கறான்.

ஆனா அடியோட மாத்தணும்னு சொல்றப்ப ஏற்கனவே என்ன இருந்துது, அது எப்படி போச்சுன்னு பாக்கணும்ல. 1978-ல பிளஸ் டூ வந்தப்பவே தொழிற்கல்வி பிரிவும் கூடவே வந்துது. காலேஜ் போக முடியாத பசங்க ஒரு தொழில கத்துகிட்டு வெளிய போகட்டும்னு தான் அத வச்சாங்க. எங்க மாமா ஒருத்தர் நம்ம ஊர் மேல்நிலைப்பள்ளில எண்பதுகள்ல ஜெனரல் மெஷினிஸ்ட் குரூப் படிச்சாரு. லேத்து, ட்ரில்லிங் மெஷின், ஃபைலிங் எல்லாம் பள்ளிக்கூட ஷெட்லயே கத்துக்கிட்டு, ராணிப்பேட்டையில ஒரு பெரிய கம்பெனில அப்ரண்டிஸா போயி, அங்கயே பர்மனன்ட் ஆகி, பென்ஷன் பலனெல்லாம் வாங்கி இப்ப பேரப் புள்ளைங்களோட நல்லா இருக்காரு. அந்த ஷெட் இன்னும் இருக்கு சார். உள்ள லேத்து துரு புடிச்சு கெடக்கு, மேல ஒடைஞ்ச பெஞ்சுங்கள அடுக்கி வச்சிருக்காங்க. அந்த குரூப் எப்படி போச்சுன்னா, யாரும் மூடணும்னு முடிவெடுத்து மூடல. தொழிற்கல்வி வாத்தியார் ரிட்டயர் ஆனாரு, அந்த இடத்துல வேற ஆள போடல, ரெண்டு வருஷம் காமர்ஸ் வாத்தியார் ஒப்புக்கு பாத்துக்கிட்டாரு, பசங்க சேரல, சேரலங்கறதால குரூப்ப எடுத்துட்டாங்க. இது எங்க ஊர்ல மட்டும் நடந்தது இல்ல, பல பள்ளிக்கூடத்துல இதே கதை தான். இப்ப நீங்க வந்து ஸ்கில் எஜுகேஷன் கொண்டு வரணும்னு சொல்றீங்க. கொண்டு வந்துட்டாங்க சார், நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே. துரு புடிச்சிருக்கு.

2022-க்கு அப்புறம் எஸ்.எம்.சி., அதான் பள்ளி மேலாண்மைக் குழு மூலமா தற்காலிக ஆசிரியர் எடுத்தாங்க. இடைநிலைக்கு 12000, பட்டதாரிக்கு 15000, முதுகலைக்கு 18000. நானும் போனேன், பக்கத்து கிராமத்துல ஒரு உயர்நிலைப்பள்ளி, சயின்ஸ் வாத்தியார் இல்லாம அரை வருஷம் ஓட்டியிருந்தாங்க. ஒம்பதாவது பசங்களுக்கு லென்ஸ கையில குடுத்து வெயில்ல பேப்பர எரிக்க சொன்னேன், அன்னிக்கு அந்த பசங்க போட்ட கூச்சல் இருக்கே, ஹெச்.எம். ஓடி வந்து பாத்தாங்க. ஏப்ரல் வந்துது, போதும்னுட்டாங்க. அடுத்த வருஷம் கூப்பிடல. அந்த பசங்கள்ல ரெண்டு பேர் இன்னும் கடைப் பக்கம் வந்தா சார்னு கூப்பிடுறாங்க, மத்தவங்களுக்கு நான் ஜெராக்ஸ் கடை அண்ணன்.

2012-ல ஓவியம், உடற்கல்வி, தையல், கம்ப்யூட்டர்னு 16549 பகுதி நேர ஆசிரியர்கள 5000 ரூபா சம்பளத்துக்கு எடுத்தாங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி 12500 ஆக்கினாங்க. பகுதி நேரம்ங்கற பேரு மட்டும் போகல. ரெண்டு பெரிய கட்சியும் மாறி மாறி ஆண்டாச்சு சார், அதனால இதுல நான் யாரு பக்கமும் பேசலன்னு புரிஞ்சுக்கோங்க. நீங்க பேசின காலேஜ்லயே, முன்வரிசையில உக்காந்து கைதட்டின லெக்சரர்ல எத்தனை பேரு கௌரவ விரிவுரையாளர்னு ஒரு வாட்டி கேட்டுப் பாருங்க. நெட், செட், பிஎச்.டி. எல்லாம் முடிச்சுட்டு மாசம் 25000, அதுவும் பதினோரு மாசத்துக்கு தான். 2024 மார்ச்சுல 4000 உதவிப் பேராசிரியர் இடத்துக்கு அறிவிப்பு வந்துது, கடையில அப்ளிகேஷன் போட்டுக் குடுத்தேன், ஆகஸ்ட்ல வெச்சிருந்த பரீட்சைய தள்ளி வச்சாங்க, அதுல ஒருத்தர் மாசாமாசம் வந்து "ஏதாச்சும் வெப்சைட்ல போட்டிருக்கானா பாருப்பா"ன்னு கேட்டுட்டு போயிட்டிருந்தாரு. அவருகிட்ட படிக்கிற பசங்ககிட்ட தான் நீங்க வேலை தேடாதீங்கன்னு சொல்லிட்டு வந்தீங்க.

கல்விக் கொள்கைனு எடுத்தா, நீதியரசர் முருகேசன் குழு 2022-ல போட்டு, அவங்க 2024 ஜூலைல அறிக்கை குடுத்து, 2025 ஆகஸ்ட்ல மாநிலக் கல்விக் கொள்கைனு வெளியிட்டாங்க. நல்ல விஷயம் நெறைய எழுதியிருக்காங்க. பதினோராவது பொதுத் தேர்வ எடுத்துட்டாங்க, பசங்களுக்கு பாரம் கொறையும். ஆனா 2017-18-ல அத எதுக்கு கொண்டாந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா? சில தனியார் பள்ளிக்கூடங்க பதினோராவது பாடத்த தொடாமலே ரெண்டு வருஷமும் பன்னெண்டாவத உருப்போட வச்சாங்க, அத தடுக்கத்தான். பரீட்சைய எடுத்தாச்சு, பழைய வேலைய மறுபடி ஆரம்பிச்சா யாரு போய் பாக்கறது? டெல்லிக்காரங்க அவங்களோட பி.எம். ஸ்ரீ மாதிரிப் பள்ளி திட்டத்துல நம்ம மாநிலம் கையெழுத்து போடலன்னு, பள்ளிக்கூடங்களுக்கு தர வேண்டிய சமக்ர சிக்‌ஷா பணம் 2152 கோடிய நிறுத்தி வச்சது அநியாயம், அதுல நான் உங்க கட்சி, எதிர்க்கட்சின்னு பாக்காம சொல்றேன், கொள்கை சண்டைக்கு பள்ளிக்கூடத்து சாக்பீஸ் காச பிடிக்கறது எந்த ஊர் நியாயம். ஆனா அத சாக்கா வச்சு நம்ம ஊர் லேப்ல பிப்பெட் இல்லாததையும் டெல்லி தலைல கட்ட முடியாது.

நல்லதும் சொல்லணும். காலை உணவுத் திட்டம், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்ல வர ஆயிரம் ரூபா, மருத்துவத்துலயும் எஞ்சினியரிங்லயும் அரசுப் பள்ளி பசங்களுக்கு 7.5 சதவீதம், இதெல்லாம் என் கடை வாசல்லயே பலன் தெரியுது. புதுமைப் பெண் பணம் ஏறியிருக்கான்னு பேலன்ஸ் பாக்க வர பொண்ணுங்க, ஏறியிருந்தா அங்கயே பக்கத்து கடையில கோன் ஐஸ் வாங்கும். 2021-22 கணக்குல உயர்கல்விக்கு போறவங்க இந்தியா பூரா நூத்துக்கு 28, நம்ம மாநிலத்துல 47. அது சாதாரணம் இல்ல, மூணு தலைமுறை உழைப்பு. ஆனா 47 பேர காலேஜுக்கு அனுப்பின ஊர்ல அந்த 47 பேருக்கு ஏத்த வேலை இல்லன்னா, நாளைக்கு ஒரு அப்பன் "படிச்சு என்னடா கிழிச்ச, மொதல்லயே கம்பெனிக்கு போயிருந்தா மூணு வருஷ சம்பளம் மிச்சம்"னு கேப்பான். இப்பவே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க சார், என் கடை கவுன்ட்டர்லயே ரெண்டு வாட்டி கேட்டாச்சு, பொண்ணு பக்கத்துல நிக்கும்போதே.

ஐ.டி.ஐ., அதான் தொழிற்பயிற்சி நிலையம், அந்த விஷயமும் அப்படித்தான். 71 அரசு ஐ.டி.ஐ.ல 2877 கோடி செலவுல நாலாம் தலைமுறை தொழில்நுட்ப மையம் வச்சாங்க, சி.என்.சி., ரோபோ எல்லாம் இருக்கு, நான் ஒரு வாட்டி உள்ள போய் பாத்து வாய பொளந்துட்டேன். நம்ம பக்கத்து கிராமத்து பையன் அங்க போகணும்னா ரெண்டு பஸ் மாறணும், மொத பஸ்ஸு ஏழு மணிக்கு, அத விட்டா பத்தரைக்கு. மழை பேஞ்சா மொத பஸ்ஸும் சந்தேகம். மெஷின் வந்துடுச்சு, பையன் பஸ் ஸ்டாப்ல நிக்கிறான். ஜவ்வாதுமலைல இருந்து எறங்கி வர பசங்க நெலம இன்னும் மோசம். ரயில பத்தி பேசவே வேணாம், திண்டிவனம் நகரி பாதைய 2006-07-லயே அறிவிச்சாங்க, வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியா போகும்னாங்க, அன்னிக்கு பொறந்த குழந்தைக்கு இப்ப ஓட்டு வந்துடுச்சு.

இவ்ளோ பேசறியே, நான் ஒரு எம்.எல்.ஏ., என் கையில என்ன இருக்குன்னு நீங்க கேக்கலாம். இருக்கு சார். அதுக்கு தான் இந்த மடலே.

2022 ஆகஸ்ட்ல முதலமைச்சர் 234 எம்.எல்.ஏ.வுக்கும் கடிதம் போட்டாரு. உங்க தொகுதியில ரொம்ப நாளா தீராம கெடக்கிற பத்து முக்கியமான கோரிக்கைய எழுதி கலெக்டர்கிட்ட குடுங்கன்னு. எதிர்க்கட்சி, ஆளுங்கட்சின்னு பாக்காம எல்லாருக்கும். அந்த பத்துல நம்ம தொகுதிக்கு என்ன போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது, என் கடைக்கு வர யாருக்கும் தெரியாது. அன்னிக்கு யாரு எம்.எல்.ஏ.வா இருந்திருந்தாலும் சரி, கலெக்டர் ஆபீஸ்ல அந்த பேப்பர் இருக்கும். அதுல பள்ளிக்கூடம்னு ஒரு வார்த்தை இருந்துதா? வேலைன்னு இருந்துதா? இல்ல பத்தும் ரோடு, பாலம், எரிமேடை தானா? ரோடு வேணாம்னு சொல்லல, ரோடு போட்டா தான் பஸ்ஸு வரும். ஆனா அடியோட கல்விய மாத்தணும்னு பேசறவரு தன் பங்குக்கு பத்துல எத்தனைய கல்விக்கு குடுத்தாருன்னு தெரிஞ்சா, பேச்ச எடை போட சுலபமா இருக்கும்.

வருஷம் மூணு கோடி தொகுதி மேம்பாட்டு நிதி. அந்த லேத்து ஷெட்ட சரி பண்ண எவ்ளோ ஆயிடும்? சட்டசபைல பள்ளிக்கல்வி மானியக் கோரிக்கை வரும்போது நம்ம தொகுதியில எந்தெந்த பள்ளிக்கூடத்துல எந்தெந்த பாடத்துக்கு வாத்தியார் இல்லன்னு ஒரே ஒரு கேள்வி. பதில் அச்சுல வந்துரும், அப்புறம் யாரும் மழுப்ப முடியாது. நான் உங்க பழைய பேச்செல்லாம் தேடிப் பாத்தேன், தலைவர புகழ்ந்ததுக்கு ஏழு நிமிஷம் போயிருக்கு, அது எல்லா கட்சியிலயும் வழக்கம் தான், ஒரு நிமிஷத்த இதுக்கு ஒதுக்கலாம்னு தான் சொல்றேன்.

அப்புறம் லோன். வேலை குடுக்கறவனா மாறுன்னீங்கல்ல, நான் அதுக்கும் போய்ப் பாத்தேன். மாவட்ட தொழில் மையத்துல, வேலையில்லாத இளைஞர்களுக்கான திட்டத்துல ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் மெஷின் வாங்க போட்டேன், எட்டாவது படிச்சிருந்தா போதும், 25 சதவீதம் மானியம். தொழில் மையத்துல மரியாதையா நடத்தினாங்க, நேர்காணல் முடிச்சு பேங்குக்கு அனுப்பினாங்க. பேங்க்ல, எந்த பேங்க்னு சொல்லல, எட்டு வாட்டி போனேன். மொதல்ல மேனேஜர் லீவு, அப்புறம் டார்கெட் முடிஞ்சுது, அப்புறம் மேனேஜரே மாறிட்டாரு, புது மேனேஜர் வீட்டு பத்திரம் இருக்கான்னாரு. பத்திரம் இருந்தா நான் எதுக்குங்க அங்க போறேன்? இந்த மாதிரி தொழில் மையத்துல பாஸ் ஆகி பேங்க்ல செத்துப் போன ஃபைலு நம்ம தொகுதில எத்தனைன்னு கேட்டு, மூணு மாசத்துக்கு ஒரு தரம் பேங்க் மேனேஜருங்கள உக்கார வச்சு நீங்க ஒரு டீ குடிச்சாலே பாதி ஃபைல் எந்திரிச்சு நடக்கும். நீங்க கூப்பிட்டா வருவாங்க. நான் கூப்பிட்டா வரமாட்டாங்க.

வேலைவாய்ப்பு அலுவலகத்துல டிகிரி படிச்சவங்களுக்கு உதவித்தொகை மாசம் 600, அதுவும் பதிஞ்சு அஞ்சு வருஷம் காத்திருந்தா தான், மூணு வருஷத்துக்கு மட்டும். அந்த ஃபார்ம்கூட என் கடையில தான் ஃபில் பண்றாங்க. நான் அதுக்கு காசு வாங்கறதில்ல, வாங்க மனசு வரல.

என் கடைப் பொண்ணு இத டைப் பண்ணும்போது ஒரு எடத்துல நிறுத்திட்டு, "அண்ணா, 7000-னு போடணுமா, ஊரெல்லாம் படிப்பாங்களே"ன்னு கேட்டுச்சு. உனக்கு கூச்சமா இருந்தா எடுத்துடறேன்னேன். "எனக்கு இல்ல, உங்களுக்கு"ன்னுச்சு. போடு பரவால்லன்னேன்.

சரி சார், நீளமா போயிடுச்சு, மன்னிக்கணும். அந்த பத்து கோரிக்கை பேப்பர், சிப்காட் வேலையோட அந்த அஞ்சு நம்பர், வாத்தியார் காலியிட லிஸ்ட், இந்த மூணும் உங்க பி.ஏ. மூலமா குடுத்து அனுப்புங்க. பிரிண்ட் எடுத்து கடை வாசல்ல ஒட்டிக்கறேன். உங்க தரப்புல ஏதாவது பதில் இருந்தா அதையும் பக்கத்துலயே ஒட்டறேன், எந்த சைஸ்ல வேணுமோ அந்த சைஸ்ல, காசு வேணாம். காலைல அஞ்சு மணிக்கே கடைய தொறந்துடறேன், கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிறவங்க படிக்க வெளிச்சம் வேணும்ல.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்ட் எதிர் ஜெராக்ஸ் கடைக்காரன்